ஒத்திகைக் கூடமும் மாற்றுக் கருவிகளும்

வாரந்தோறும் ஒரே இடத்தில் கூடிப் பழகும் எந்த இசைக்குழுவும், அது மெல்லிசைக் குழுவாயினும், நாட்டிய நிகழ்ச்சிக்கான பாட்டுக் குழுவாயினும், தேவாலயப் பாடகர் குழுவாயினும், சில மாதங்களுக்குள் ஒரே கேள்விக்கு வந்து சேர்கிறது. கருவிகளில் எவற்றைக் கூடத்திலேயே விட்டுவைப்பது, எவற்றை ஒவ்வொரு முறையும் சுமந்து வருவது, பழுது நேர்ந்தால் உடனே எடுத்து மாற்றுவதற்கென்று எவற்றை இரண்டாவதாக வாங்கி வைப்பது என்பதே அக்கேள்வி. நடைமுறையில் இதற்கான விடையை எடையும் விலையுமே தீர்மானிக்கின்றன: கனமானது கூடத்தில் தங்குகிறது; விலை மிகுந்தது வீட்டுக்குப் போகிறது; பழையதாகி எவருக்கும் வேண்டாததாகிவிட்டது 'மாற்று' என்ற பெயரோடு ஒரு மூலையில் சாத்தப்படுகிறது. இந்த ஏற்பாடு முழுத் தவறன்று. எனினும், பல நாட்டு இசை மரபுகள் இக்கேள்விக்குக் கண்ட விடைகளை ஒருசேர வைத்துப் பார்க்கும்போது, எடைக்கும் விலைக்கும் முன்னதாக எண்ணப்பட வேண்டியவை இரண்டு உண்டு என்பது தெரிகிறது. ஒன்று, கருவியின் சுருதி. மற்றொன்று, அக்கருவி வாசிப்பவரின் உடலோடு எவ்வளவு பழகியது என்பது.

இக்கட்டுரையில் 'மாற்றுக் கருவி' என்பது முழுக் கருவிக்கு ஈடாக வைக்கப்படும் இன்னொரு முழுக் கருவியைக் குறிக்கும்; 'உதிரி' என்பது அறுந்தும் தேய்ந்தும் உடைந்தும் போகக்கூடிய தந்தி, சீவாளி, வார், கேபிள், ஃபியூஸ் போன்ற சிறு பொருள்களைக் குறிக்கும். இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதே பல குழுக்களின் வீண் செலவுக்குக் காரணம். ஒத்திகை பாதியில் நின்றுபோவது முழுக் கருவி ஒன்று கைவிடுவதால் அன்று. அது மிக அரிது. ஒரு தந்தி அறுவதாலும், ஒரு கேபிளின் முனையில் பற்றவைப்பு விட்டுப்போவதாலும், ஒரு திருகு காணாமற்போவதாலுமே பெரும்பாலும் நேரம் வீணாகிறது. ஆயினும் இரண்டாவது கிட்டார் வாங்கப் பணம் திரட்டும் குழுவில் இரண்டாவது கேபிள் இருப்பதில்லை.

கருவிகள் முழுமையாக இடத்துக்கே உரியவையாக இருக்கும் மரபுக்குத் தெளிவான சான்று இந்தோனேசியாவின் பாலித் தீவு. அங்குள்ள காமெலான் என்னும் வெண்கல வாத்தியக் குழுவில், தட்டுகளும் குடமணிகளும் பெருங்காங்குகளும் தனியொருவரின் உடைமையாக இருப்பது குறைவு. பஞ்சார் எனப்படும் ஊர்ப்பகுதி அமைப்பின் பொதுக் கூடத்தில் அவை நிலையாக வைக்கப்பட்டிருக்க, வாசிப்பவர்கள் வெறுங்கையோடு வந்து வாசித்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறார்கள். இதற்குச் சிக்கனம் மட்டும் காரணமன்று. காமெலானுக்குப் பொதுச் சுருதி என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு தொகுதியும் தனக்குள் மட்டுமே இசைந்து ஒலிக்குமாறு வார்க்கப்படுகிறது. மேலும், கருவிகள் இணை இணையாகச் செய்யப்பட்டு, இணையில் ஒன்று மற்றதைவிட நொடிக்குச் சில அதிர்வுகள் மட்டும் கூடுதலாக ஒலிக்குமாறு வேண்டுமென்றே சுருதி விலக்கி வைக்கப்படுகிறது. அந்த விலகலால் எழும் அலையாடும் நாதமே பாலி இசையின் உயிர். ஆகவே ஒரு தட்டு விரிசல் விட்டால் பக்கத்து ஊரிலிருந்து இன்னொன்றை இரவல் வாங்கி மாட்ட முடியாது. குளுங்குங் பகுதியிலுள்ள திஹிங்கான் போன்ற ஊர்களின் கொல்லர்கள் அந்தத் தொகுதிக்கென்றே புதிதாக ஒன்றைச் செய்து இழைத்துச் சுருதி சேர்த்தால்தான் உண்டு. மாற்றுக் கருவி என்ற எண்ணத்துக்கே இடமில்லாத மரபு இது. கருவியும் கூடமும் சேர்ந்து ஒரே சொத்து.

டிரினிடாடின் ஸ்டீல்பேன் குழுக்களும் ஏறத்தாழ இவ்வாறே இயங்குகின்றன. 55 காலன் எண்ணெய்ப் பீப்பாய்களின் அடிப்பகுதியைத் தட்டிக் குழித்துச் சுருதி சேர்த்த கருவிகள், 'பேன்யார்டு' என்னும் பயிற்சி முற்றத்தில் குழுவின் பொதுவுடைமையாக இருக்கின்றன. 1963இல் தொடங்கிய பனோரமா போட்டியில் பெரிய குழுக்களில் நூறு பேருக்கு மேல் வாசிப்பதால், அத்தனை பீப்பாய்களை வீட்டுக்கு எடுத்துச் செல்வது நினைத்துப் பார்க்கவே இயலாதது. ஸ்வரங்கள் பீப்பாயின் எந்த இடத்தில் அமைய வேண்டும் என்பதில் நெடுங்காலம் குழுவுக்குக் குழு வேறுபாடு நிலவியதால், ஒரு முற்றத்தில் பழகிய கை இன்னொரு முற்றத்தின் கருவியில் தடுமாறியது.

இங்கிலாந்தின் பித்தளை வாத்தியக் குழுக்கள் இதே சிக்கலின் பணக்கணக்கைக் காட்டுகின்றன. சுரங்கத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் சேர்ந்து அமைத்த அக்குழுக்களில் கருவிகள் குழுவின் பெயரில் வாங்கப்பட்டுக் குழுவின் கூடத்துக்கு உரியவையாக இருந்தன. உலகின் பிற இசைக்குழுக்கள் 440 அதிர்வு என்ற பொதுச் சுருதிக்கு வந்த பின்னரும், பித்தளைக் குழுக்கள் ஏறத்தாழ 452 அதிர்வு என்ற பழைய உயர்சுருதியிலேயே நின்றன. 1960களின் நடுவில் உற்பத்தியாளர்கள் உயர்சுருதிக் கருவிகளைக் கைவிட்டபோது, ஒரு கருவி கெட்டால் அதே சுருதியில் புதிதாக ஒன்று வாங்க வழியில்லாமல் போயிற்று. குழுக்கள் தம் தொகுதி முழுவதையும் மாற்றவோ மாற்றியமைக்கவோ வேண்டியிருந்தது. அலமாரியில் பத்திரமாக இருந்த மாற்றுக் கருவிகளும் அன்றோடு பயனற்றுப்போயின. சுருதி ஒவ்வாத மாற்று, எத்தனை நல்ல நிலையில் இருந்தாலும், மாற்றே அன்று.

கருநாடக இசை இதற்கு நேரெதிர் முனையில் நிற்கிறது. இங்கே கருவி தனியாளின் உடைமை. அது அவரோடு வருகிறது, அவரோடு போகிறது. பாடகரும் வயலின், மிருதங்கக் கலைஞர்களும் ஒத்திகை ஏதுமின்றி மேடையிலேயே சந்தித்துக் கச்சேரி செய்வது இம்மரபில் இயல்பானது என்பதால், குழுவுக்கென ஒரு பயிற்சிக்கூடமும் அதற்கென ஒரு கருவி அலமாரியும் உருவாகவே இல்லை. குருவின் வீடு மட்டுமே அந்த இடத்தை ஓரளவு நிரப்பியது: சுவரோரம் சாய்த்த தம்புரா, மாணவர்கள் அடித்துப் பழகுவதற்கென விடப்பட்ட பழைய மிருதங்கம், தாளக்கட்டை. ஆனால் இன்று நிலைமை மாறியிருக்கிறது. நாட்டிய அரங்கேற்றங்களும் பல கருவிகள் சேர்ந்த வாத்திய நிகழ்ச்சிகளும் பெருகியுள்ளதால், கருநாடக இசைக் கலைஞர்களும் ஒரே கூடத்தில் பலமுறை கூடி ஒத்திகை பார்க்கிறார்கள். அம்மரபுக்குப் பழக்கமில்லாத இந்தச் சூழ்நிலையில் எதைக் கூடத்தில் வைப்பது என்ற கேள்வி எழும்போது, முதலில் குறுக்கே வருவது சுருதிதான்.

சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வது தமிழ்நாட்டு வழக்கம். ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை வரிசையாக எண்ணி, மேலையிசையின் 'சி' ஒலியை ஒரு கட்டை, 'டி' ஒலியை இரண்டு கட்டை என்றும், இடையிலுள்ள கருப்புக் கட்டைகளை ஒன்றரை, இரண்டரை என்றும் குறிப்பர். ஆண் பாடகர்கள் பெரும்பாலும் ஒரு கட்டையை ஒட்டியும், பெண் பாடகர்கள் நாலரை முதல் ஆறு கட்டை வரையிலும் பாடுகிறார்கள். ஒரு மிருதங்கத்தை அதன் இயல்பான சுருதியிலிருந்து சிறிதளவே ஏற்றவோ இறக்கவோ முடியும். அதற்கு மேல் போனால் தோல் இறுகி நாதம் வறண்டுவிடும், அல்லது தளர்ந்து நாதம் செத்துவிடும். எனவேதான் குறைந்த சுருதிக்கு ஏறத்தாழ 24 அங்குல நீளமுள்ள 'தக்கு' மிருதங்கமும், உயர்ந்த சுருதிக்கு 22 அங்குலத்தை ஒட்டிய 'ஹெச்சு' மிருதங்கமும் தனித்தனியே செய்யப்படுகின்றன. தொழில்முறைக் கலைஞரின் வீட்டில் நாலைந்து மிருதங்கங்கள் இருப்பது ஆடம்பரமன்று. அவை ஒன்றுக்கொன்று மாற்றும் அல்ல, வெவ்வேறு பணிகளுக்கான வெவ்வேறு கருவிகள். கூடத்தில் ஒன்றை நிலையாக வைப்பதென்றால் அங்கே பெரும்பாலும் பாடுபவரின் சுருதி எதுவோ அதற்குரியதை வைக்க வேண்டுமே தவிர, வீட்டில் மிஞ்சியதைக் கொண்டுவந்து வைப்பதால் பயனில்லை.

மிருதங்கத்தைக் கூடத்தில் விட்டுவைப்பதில் வேறு சிக்கல்களும் உண்டு. பலா மரத்தைக் குடைந்து செய்த உடலின் வலப்புறத்தில் வலந்தலையும் இடப்புறத்தில் தொப்பியும் தோல் வார்களால் இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. வலந்தலையின் நடுவே காணும் கருவட்டம், கல்லைப் பொடித்துச் சோற்றோடு பிசைந்து, படலம் படலமாகத் தேய்த்து ஏற்றப்படுவது. அதைச் சோறு என்றும் கரணை என்றும் சொல்வர். தோலும் வாரும் காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தளர்கின்றன. காற்று உலர்ந்தால் இறுகுகின்றன. ஒரு வாரம் தொடாமல் வைத்த மிருதங்கம் வைத்த சுருதியில் இருப்பதில்லை. கல்லும் புள்ளும் கொண்டு விளிம்பைச் சுற்றித் தட்டி மீண்டும் சேர்க்க வேண்டும். தொப்பியில் ஒட்டும் ரவைப் பிசைவை ஒத்திகை முடிந்ததும் வழித்தெடுக்காமல் போனால், அது காய்ந்து தோலைப் பிடித்து இழுப்பதோடு, கரப்பானையும் எலியையும் அழைத்து வரும். எலிக்கு ரவையும் பிடிக்கும், தோலும் பிடிக்கும். இவற்றையெல்லாம் கவனிக்க ஓர் ஆள் கூடத்தில் இல்லையெனில் அங்கே மிருதங்கத்தை விட்டுவைக்காமல் இருப்பதே நன்று. அதற்குப் பதிலாக ஒரு கல், ஒரு புள், ஈர்க்குச்சிகள், சிறு டப்பாவில் ரவை, துடைக்கத் துணி ஆகியவற்றை வைத்திருந்தால், வருபவர் தம் கருவியை எந்த நிலையில் கொண்டுவந்தாலும் சமாளிக்கலாம். முழுமையாகப் புதிய வலந்தலை மூட்ட வேண்டுமென்றால் அது கைதேர்ந்த தொழிலாளியின் வேலை. எந்த அலமாரியும் அதற்கு ஈடாகாது.

தவிலின் வரலாறு இங்கே ஒப்பிடத்தக்கது. தோல் வாரால் இழுத்துக் கட்டப்பட்ட தவிலின் இடத்தை, எஃகு வளையமும் திருகாணியும் பூட்டிய தவில் பெரும்பாலும் பிடித்துவிட்டது. நாதம் மாறிவிட்டது என்று வருந்துவோர் உண்டு. அவ்வருத்தத்தில் நியாயமும் உண்டு. ஆனால் பராமரிப்பு நோக்கில் பார்த்தால், முன்பு ஒருவர் மிதித்து இழுத்துக் கட்ட வேண்டியிருந்த வேலையை இன்று ஒரு ஸ்பேனர் செய்துவிடுகிறது. அதே வேளையில், வலக்கை விரல்களில் மாட்டும் கூடுகள் வாசிப்பவரின் விரல் அளவுக்கே செய்யப்படுபவை. அவற்றில் ஒன்று தொலைந்தால் இன்னொருவருடையது பொருந்தாது. ஒரே கருவியில் ஒரு பகுதி கூடத்துக்கு உரியதாகவும் இன்னொரு பகுதி உடலுக்கு உரியதாகவும் பிரிந்து நிற்பதைத் தவிலில் தெளிவாகக் காணலாம்.

உதிரி என்பதை எப்படி வைத்திருக்க வேண்டும் என்பதற்குத் தமிழ் மரபு தந்துள்ள மிகச் சிறந்த விடை நாகசுரத்தில் இருக்கிறது. நாகசுரத்தின் மேல் நுனியில் கெண்டை என்னும் உலோகக் குழலும், அதன்மேல் வாயில் வைத்து ஊதும் சீவாளியும் பொருந்துகின்றன. சீவாளி, காவிரிக் கரைப் பகுதியில் விளையும் நாணல் வகையிலிருந்து செய்யப்படுவது. தட்டையாக்கப்பட்ட அதன் இரு இதழ்களின் அதிர்வே நாதத்தின் ஊற்று. அது மென்மையானது, உமிழ்நீராலும் காற்றாலும் நாளுக்கு நாள் குணம் மாறுவது, காலைக்கு இணங்கிய சீவாளி மாலைக்கு இணங்குவதில்லை. எனவே கலைஞர்கள் மாற்றுச் சீவாளிகளையும், இதழ்களைத் திருத்துவதற்கான ஊசியையும், உதிரிக் கெண்டையையும் கயிற்றில் கோத்து நாகசுரத்திலேயே தொங்கவிட்டிருக்கிறார்கள். பார்ப்பவர்களுக்கு அணிகலன் போலத் தோன்றும் அக்கொத்து உண்மையில் ஒரு பழுதுபார்க்கும் பெட்டி. அலமாரி, பூட்டு, சாவி, பொறுப்பாளர் என்று எதுவும் தேவைப்படாமல், கருவி இருக்கும் இடத்தில் உதிரியும் இருக்கிறது. ஊர்வலத்தில் நடந்துகொண்டே வாசிப்பவருக்கு வேறு வழியும் இல்லை. டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) காலத்தில், நரசிங்கன்பேட்டை ரங்கநாதன் ஆசாரியின் கைத்திறத்தோடு நீளமும் தாழ்ந்த சுருதியும் கொண்ட பாரி நாயனம் பரவி, குட்டையான திமிரி பின்தங்கியது. நாயனத்தின் அளவும் சுருதியும் மாறும்போது சீவாளியின் அளவும் மாற வேண்டியிருப்பதால், பொதுப் பெட்டியில் போட்டு வைத்த சீவாளி எவருக்கும் பயன்படாது என்பதும் உறுதியாகிறது. நரசிங்கன்பேட்டை நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சீவாளி செய்வோரின் கைத்தொழிலும் அதே அளவு கவனத்துக்கு உரியது.

மேலையிசையில் ஓபோ வாசிப்பவர்கள் இதற்கு மிக நெருங்கியவர்கள். பிரான்சின் தென்பகுதியிலுள்ள வார் மாவட்டத்தின் நாணலுக்குப் பெயர்பெற்ற அத்துறையில், தேர்ந்த கலைஞர்கள் தம் சீவாளிகளைத் தாமே சீவிக்கொள்கிறார்கள். சிறு பெட்டியில் வெவ்வேறு வயதுடைய பல சீவாளிகள் எப்போதும் உடனிருக்கும், ஒத்திகைக்கு ஒன்றும் நிகழ்ச்சிக்கு வேறொன்றும் எடுக்கப்படும். இரு மரபுகளும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன: வாயோடு பொருந்தும் உதிரி ஆளோடுதான் இருக்க வேண்டும்.

வயலின் இவ்வகையில் இடைநிலையானது. பாலுசுவாமி தீட்சிதரும் (1786–1859) தஞ்சை வடிவேலுவும் கருநாடக இசைக்குக் கொண்டுவந்த இக்கருவி, பாடகரின் சுருதிக்கேற்பத் தந்திகளை ஏற்றியிறக்கிச் சேர்க்கப்படுகிறது. ஒரு கட்டைக்கும் ஐந்தரைக் கட்டைக்கும் ஒரே தந்திகளை மாறி மாறி இழுத்தால் அவை விரைவில் தேய்ந்து அறுகின்றன என்பதால், கலைஞர்கள் சிலர் இரண்டு வயலின்களை வைத்துக்கொள்கிறார்கள். கூடத்தில் இருக்க வேண்டியது தந்திகளின் ஒரு முழு வரிசையும், ஒரு குங்கிலியக் கட்டியும், ஒரு பழைய வில்லும் மட்டுமே. முழு வயலினைப் பெட்டியில் பூட்டி மாதக்கணக்கில் திறக்காமல் வைத்தால், இருட்டில் வளரும் சிறு வண்டுப் புழுக்கள் வில்லின் குதிரை மயிரைத் தின்றுவிடும். திறந்து பார்க்கும்போது மயிர்கள் கொத்தாக உதிரும். வெளிச்சமும் காற்றும் அவ்வப்போது படுவதே அதற்கு மருந்து.

வீணையைக் கூடத்தில் விடுவது பொதுவாக ஏற்றதன்று. அதன் 24 மெட்டுகளும் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த கருமெழுகில் பதிக்கப்பட்டவை; மூடிய அறையின் கோடை வெப்பத்தில் மெழுகு இளகினால் மெட்டு நகர்ந்து ஸ்வரம் விலகும், பிறகு மேளம் கட்டத் தெரிந்தவரைத் தேட வேண்டும். கடம் வேறு வகை: மானாமதுரையில் சுட்டெடுக்கும் கடத்தின் சுருதி சூளையிலேயே ஏறத்தாழ நிலைத்துவிடுவதால், ஒரு சுருதிக்கு ஒன்று என்று பல கடங்கள் தேவைப்படுகின்றன, அவை பருவநிலைக்கு அஞ்சாதவை, ஆனால் தவறி விழுந்தால் மிச்சமில்லை. கஞ்சிராவுக்கு முன்பு உடும்புத் தோலே வழக்கமாக இருந்தது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் உடும்பு பாதுகாக்கப்படுவதால், ஆட்டுத் தோலும் செயற்கைத் தோலுமே இன்று முறையானவை. தம்புராவைப் பொறுத்தவரை மின்னணுச் சுருதிப்பெட்டியும் கைபேசிச் செயலியும் ஒத்திகைக்குப் போதுமானவையாகிவிட்டன. அப்பெட்டிக்கான மின்னிணைப்பி ஒன்று கூடத்திலேயே கிடந்தால் யாருக்கும் தொல்லையில்லை.

நாட்டிய வகுப்பு நடக்கும் கூடம் நெடுங்காலமாகவே சில கருவிகளைத் தனக்கென்று வைத்திருக்கிறது. தட்டுக்கழியும் தட்டுமனையும் வகுப்பின் சொத்து. நட்டுவாங்கத் தாளம் அப்படியன்று: ஒரு வட்டு இரும்பாலும் மற்றது வெண்கலத்தாலும் ஆன அந்த இணை, ஒன்றோடொன்று மோதும்போது எழும் ஒலிக்காகத் தேர்ந்தெடுக்கப்படுவது. இரு இணைகளைக் கலந்து வைத்துவிட்டால் நான்கும் கெட்டன என்றே கொள்ளலாம். சலங்கை, ஆடுபவரின் கணுக்காலுக்கு உரியது; அதன் தோல் பட்டைக்கு ஒட்டுப்போட ஊசியும் நூலும் மட்டும் கூடத்தில் இருந்தால் போதும்.

மேலை நாடுகளின் வாடகை ஒத்திகை அறைகளில் நிலவும் ஏற்பாடு, மேற்சொன்ன இரு முனைகளுக்கும் நடுவே அழகாகப் பொருந்துகிறது. அங்கே டிரம் தொகுதியின் பெரிய உடல்களும் தாங்கிகளும் அறையிலேயே இருக்கும்; சிம்பல் தட்டுகள், ஸ்னேர் டிரம், காலால் மிதிக்கும் பெடல் ஆகிய மூன்றையும் டிரம்மர் தம்மோடு கொண்டுவர வேண்டும். சிம்பல் எளிதில் விரிசல் விடும். ஸ்னேர் ஒவ்வொருவரின் நாதத்துக்கும் தனி முகவரி. பெடலின் இழுவிசை மிதிப்பவரின் காலுக்கேற்பத் திருகி வைக்கப்பட்டது. உடைவது, உடலோடு பழகியது, நாதத்தைத் தீர்மானிப்பது ஆகியவை ஆளோடு போகின்றன, மற்றவை தங்குகின்றன. இந்த ஏற்பாட்டைச் சாத்தியமாக்கியது ஒரு பொருள்மாற்றமே. கன்றுத் தோல் போர்த்திய காலத்தில் டிரம்களும் மிருதங்கத்தைப் போலவே ஈரக்காற்றில் தளர்ந்தன. 1950களின் பிற்பகுதியில் பாலியெஸ்டர் தோல்கள் பரவிய பிறகே, எந்தப் பருவத்திலும் அறையில் விட்டுச்செல்லக்கூடிய கருவியாக டிரம் மாறியது.

மின்கருவிகள் மிகுந்த மெல்லிசைக் குழுக்களில் உதிரிகளின் பட்டியல் நீளமானது, மலிவானது, பெரிதும் புறக்கணிக்கப்படுவது. நான்கு 12 அங்குல ஒலிபெருக்கிகள் அடங்கிய கிட்டார்ப் பெட்டி பெரும்பாலும் 35 கிலோவைத் தாண்டுவதால் அது கூடத்திலேயே கிடக்கும். அதில் கருத்துவேறுபாடு இல்லை. சிக்கல் கேபிள்களில் தொடங்குகிறது. கிட்டாரை ஆம்ப்ளிஃபயரோடு இணைக்கும் கேபிளும், ஆம்ப்ளிஃபயரை ஒலிபெருக்கியோடு இணைக்கும் கேபிளும் ஒரே கால் அங்குல முனை கொண்டவை. பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே வேறு. முன்னது மெல்லிய கம்பியும் அதைச் சுற்றிய உறையும் கொண்டது. அதை ஒலிபெருக்கிக்கு மாட்டினால் சூடேறிக் கெடும், வால்வு ஆம்ப்ளிஃபயரானால் அதன் வெளியீட்டு மின்மாற்றியும் பழுதாகலாம். எனவே உதிரிக் கேபிள்களின் மேல் வண்ண நாடா சுற்றி வேறுபடுத்தி வைப்பது, இன்னும் பத்துக் கேபிள்கள் வாங்குவதைவிட மேலானது. ஒலிவிளைவுப் பெடல்களுக்கான 9 வோல்ட் இணைப்பிகளிலும் இதே எச்சரிக்கை வேண்டும்: பெரும்பாலான கிட்டார்ப் பெடல்களில் முனையின் நடுப்பகுதி எதிர்மின், வேறு பல சாதனங்களில் அது நேர்மின், மாற்றிச் செருகினால் பெடல் போய்விடும். கேபிளைப் பெடலில் செருகியபடியே விட்டுப்போனால் உள்ளிருக்கும் பேட்டரி யாரும் வாசிக்காமலே தீரும். தீர்ந்த பேட்டரியை எடுக்காமல் விட்டால் காரநீர் கசிந்து தகட்டை அரிக்கும். ஃபியூஸ் போனால் அதே அளவும் அதே வகையும் கொண்டதையே போட வேண்டும். வெள்ளித்தாள் சுற்றும் கைவைத்தியம் தீவிபத்துக்கு வழி.

கிட்டார் மட்டும் இரண்டாவதாக ஒன்று கூடத்தில் இருப்பதில் நியாயமுண்டு. தந்தி அறுந்தால் மாற்றிச் சேர்க்க நேரம் பிடிக்கும், மலிவான இரண்டாவது கருவியே போதும். ஆயினும் உலோகத் தந்திகள் பூட்டிய மரக் கிட்டாரில் ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ விசையோடு கழுத்தை இழுத்துக்கொண்டிருக்கின்றன என்பதை மறக்கலாகாது. சுவரில் சாய்த்து வைக்காமல், தாங்கியில் நிறுத்தி, வாரமொரு முறையேனும் எடுத்து வாசிக்கப்படும் கிட்டாரே வேண்டிய நாளில் உதவும்.

பருவநிலை இவை அனைத்துக்கும் பொதுவான பகை. மரக் கருவிகளுக்கு 40 முதல் 60 விழுக்காடு வரையிலான காற்று ஈரப்பதம் உகந்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. சென்னை போன்ற கடலோர நகரங்களில் ஆண்டின் பெரும்பகுதி இதைவிட மிகுதி. குளிரூட்டி இதைத் தீர்க்கும் என்று கருதுவது பாதியளவே சரி. ஒத்திகைக்கு மூன்று மணி நேரம் குளிரூட்டியை ஓடவிட்டு, பிறகு நான்கு நாள் அடைத்து வைக்கும் கூடத்தில், மரமும் தோலும் பசையும் சுருங்குவதும் விரிவதுமாக அலைக்கழிகின்றன. நிலையாகச் சற்று ஈரமாக இருக்கும் அறையைவிட இந்த ஏற்ற இறக்கமே கருவிகளுக்குக் கேடு. அறை முழுவதையும் கட்டுப்படுத்த இயலாத குழுவினர், இறுக மூடும் பெட்டிகளில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, அவற்றை மாதந்தோறும் உலர்த்திப் பயன்படுத்துவது எளிய வழி.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைப்பதன் ஆபத்தை 2010ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரம் கண்டது. கம்பர்லாந்து ஆறு கரைபுரண்டபோது, அதன் கரையிலிருந்த சவுண்ட்செக் என்ற ஒத்திகை, சேமிப்புக் கூடம் நீரில் மூழ்கியது. பிராட் பெய்ஸ்லி, கீத் அர்பன், வின்ஸ் கில் உள்ளிட்ட புகழ்பெற்ற 'கன்ட்ரி' இசைப் பாடகர்கள் பலரின் கருவிகள் அங்கே இருந்தன. அந்நகரின் சிம்ஃபனி அரங்கத்தின் அடித்தளத்திலும் நீர் புகுந்து பெரிய பியானோக்கள் அழிந்தன. தொழில்முறை வசதிகள் எல்லாம் இருந்த கூடத்துக்கே இந்நிலை. ஒலி வெளியே கேட்காமலிருக்க வேண்டும் என்பதற்காக அடித்தளத்திலும் வாகன நிறுத்தத்திலும் பயிற்சிக்கூடம் அமைக்கும் வழக்கமுள்ள சென்னையில், 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும் கருவிகள் தரையிலேயே வைக்கப்படுவது வியப்புக்குரியது. தரையிலிருந்து ஓரிரு அடி உயரத்தில் பலகை அடித்து வைப்பதற்கு ஆகும் செலவு ஒரு கிட்டார்ப் பெட்டியின் விலைகூட இராது.

உடைமையும் பொறுப்பும் பற்றிய கேள்விகள் நட்பின் பெயரால் பேசப்படாமலே விடப்படுகின்றன. பலரும் சேர்ந்து பணம் போட்டு வாங்கிய ஆம்ப்ளிஃபயர், ஒருவர் குழுவை விட்டு விலகும்போது யாருடையது? கூடத்தின் உரிமையாளர் வாடகைக்கு வேறு குழுவை அனுமதித்தால் அவர்கள் இதைப் பயன்படுத்தலாமா? வீட்டுப் பொருள்களுக்கு எடுத்த காப்பீடு, பொதுவாக வேறிடத்தில் தொழிலுக்கு வைத்த கருவிக்குத் தானாக நீளாது. தனியே குறிப்பிட்டுச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு கருவியின் வரிசை எண்ணையும் படத்தையும் உடையவரின் பெயரையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பது, திருட்டுப் போனால் காவல் நிலையத்திலும், பிணக்கு வந்தால் குழுவுக்குள்ளும் உதவும். உதிரியை எடுத்தவரே அடுத்த ஒத்திகைக்குள் புதியதை வைக்க வேண்டும் என்ற விதி எழுதப்படாத கூடங்களில், பெட்டி இருக்கும், பெட்டிக்குள் ஒன்றும் இருக்காது. சரஸ்வதி பூசையன்று எல்லாக் கருவிகளையும் எடுத்துத் துடைத்து வரிசையாக வைக்கும் தமிழ்க் குடும்ப வழக்கம், தணிக்கை நாளாகவும் பயன்படத் தக்கது. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை என்பது ஒரு மாற்றுக் கருவிக்கு மிக நீண்ட இடைவெளி. மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் முதன்மைக் கருவியை ஓய்வுக்கு விட்டு, மாற்றைக் கொண்டே ஒரு முழு ஒத்திகை நடத்தினால்தான் அது உண்மையில் மாற்றா, வெறும் பழஞ்சரக்கா என்பது தெரியும்.

தமிழ்நாட்டில் புதிய அரங்கங்களும் கல்லூரிக் கலையரங்குகளும் ஆண்டுதோறும் எழுப்பப்படுகின்றன. ஒலிபெருக்கிக்கும் இருக்கைக்கும் முகப்புக்கும் பெருந்தொகை ஒதுக்கப்படுகிறது. அவற்றின் திட்ட வரைபடத்தில், தரையிலிருந்து உயர்ந்து நிற்கும், காற்றோட்டமுள்ள, எலி புகாத, பூட்டுப் போட்ட ஓர் அலமாரியை ஒத்திகை அறைக்கென்று சேர்க்குமாறு சபாக்களின் செயலர்களும் கல்லூரி நிர்வாகிகளும் தம் கட்டடப் பொறியாளர்களிடம் கேட்க வேண்டும்.